உண்ணிக் காய்ச்சல்: வலிக்காத புண்ணைத் தேடுங்கள்

ஐப்பசி மழைக்குப் பிறகு மாசி வரைக்கும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் காய்ச்சல் என்று யார் வந்தாலும், டெங்கு பரிசோதனைக்கு எழுதும் கையோடு அக்குளையும் இடுப்பையும் பார்த்துவிடுவேன். "காய்ச்சல்னு வந்தா இதை எதுக்குப் பார்க்கிறாரு?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் தேடுவது உண்ணிக் காய்ச்சலின் அடையாளத்தை.

இதைப் பரப்புவது நாயின் காதில் தொங்கும் உண்ணி இல்லை. நாயைத் துரத்திவிடாதீர்கள், பாவம். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம்தான் கடிக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாக எலிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். நாம் அந்தப் பக்கம் போனால் நம்மீதும் ஏறும். ஓரியன்ஷியா சுசுகாமுஷி என்ற பாக்டீரியா இதன் கடியில் உள்ளே போகிறது. கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போவதால், ஒரே இடத்தில் வருடா வருடம் நோயாளிகள் வருகிறார்கள்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா எட்டு நாள் காய்ச்சலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தெரு முனையில் இரண்டு ஊசி போட்டாகிவிட்டது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் மிளகு அளவுக்குப் பொருக்கு. "அது நாடா உரசின புண்ணு சார்" என்றார். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில் இருந்தால் பெண்கள் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். பொருக்கே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பது தனித் தலைவலி.

கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. அதனால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எல்லாம் ஒரே சமயத்தில் பாதிக்கப்படலாம். பிளேட்லெட்டும் குறையும், உடனே டெங்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமாக்ஸிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் இதற்கு வேலை செய்யாது. விலை மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேலை செய்யும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றிவிட்டால் இந்த இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. ரத்தத்தில் இந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனை, முதல் சில நாட்களில் 'இல்லை' என்று வரலாம். அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது.

சரி, காய்ச்சல் போன பிறகு? காலத்தோடு மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். தாமதமானவர்கள் கதை வேறு. சிலருக்குக் காது மந்தமாகும், உள்ளே இரைச்சல் கேட்கும். பலருக்கு அது வாரக்கணக்கில் மெல்லச் சரியாகும், எல்லோருக்கும் இல்லை. மூளைக்காய்ச்சல் வரை போனவர்களுக்கு மறதியோ வலிப்போ மிஞ்சலாம். வென்டிலேட்டரில் இருந்து மீண்டவர்கள் பழையபடி களையெடுக்க உட்கார மாதக்கணக்காகும். கூலி வேலை செய்கிற வீட்டில் இதுதான் பெரிய அடி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது என்று இருக்காதீர்கள். கிருமியில் பல வகை, மறுபடி வரும்.

தடுப்பூசி கிடையாது. புதர் மறைவில் ஒதுங்குவது, புல் மேல் துணி காயப்போடுவது, வேலை நடுவே வெறுந்தரையில் படுப்பது, இவை மூன்றையும் விட்டாலே ஆபத்து நன்றாகக் குறையும். வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தியிருந்ததைத் துவைக்கப் போட்டுவிடுங்கள்.

காய்ச்சல் ஐந்து நாள் நீடித்தால், வீட்டில் ஒருவர் உதவியோடு நல்ல வெளிச்சத்தில் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடியையும் விலக்கிப் பார்க்க வேண்டும். பொருக்கு தெரிந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே காட்டிவிடுங்கள். வயல், ஏரிக்கரை, காட்டுப் பக்கம் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.