ஐப்டேசியாவைச் சுரண்டாதீர்கள், பாறையை வேகவைக்கவே வைக்காதீர்கள்

மரைன் டேங்க் (கடல்நீர் மீன் தொட்டி) பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. பாறை இடுக்கில் பழுப்பு நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஒரு சின்ன உயிர். மேலே நீண்டு கூர்ந்த கைகள். "அண்ணா, தானா வந்திருக்கு, அழகா வேற இருக்கு, விட்டுடலாமா?" என்று கீழே ஒரு வரி. கொஞ்ச நாள் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு படம் வரும். ஒன்று இருந்த இடத்தில் கூட்டமே இருக்கும். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பிளேடால் சுரண்டினேன், இல்லையென்றால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

அது ஐப்டேசியா என்ற கடல் அனிமோன். இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் இனப்பெருக்கத்தில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. பாறையில் நகரும்போது அடிப்பாதத்திலிருந்து சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது அனிமோனாக வளரும். யாரும் தொடாமலே நடக்கிற வேலை இது. நாம் சுரண்டும்போது அதே வேலையை வேகமாகச் செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கிவிடுவது போல, பாதத்தின் துளி பாறை ஓட்டையில் மிச்சம் இருந்தால் போதும். போதாக்குறைக்கு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) துணுக்குகளை டேங்க் முழுக்கப் பரப்பிவிடும்.

இதன் உடம்புக்குள் பவளங்களில் இருப்பது போன்ற நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். வெளிச்சமே இல்லாத சம்ப் என்ற கீழ்த்தொட்டியிலும், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பாசி இல்லாமல் வெளிறிப்போய், மிதந்து வரும் உணவைப் பிடித்துத் தின்று காலம் தள்ளும். இவ்வளவு திடமான உயிர் என்பதால்தான் பவள ஆய்வுக்கூடங்களில் இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். 2015-இல் இதன் முழு மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டார்கள். அவர்கள் பாதுகாத்து வளர்க்கிற உயிரைத்தான் நாம் ஒழிக்கப் பார்க்கிறோம்.

தொந்தரவு செய்தால் வெள்ளை நூல் போன்ற இழைகளை வெளியே விடும். அவற்றில் கொட்டும் செல்கள் நிறைந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் ஸோவா, மஷ்ரூம் போன்ற பவள வகை உயிர்கள் சுருங்குவது இதனால்தான். எல்லா அனிமோனும் ஐப்டேசியா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைகளின் நுனி சற்று உருண்டு, குட்டையாக, பச்சை கலந்து இருந்தால் அது மஜானோ என்ற இன்னொரு அனிமோனாக இருக்கலாம். அதை பபிள் டிப் அனிமோனின் குட்டி என்று நினைத்து ஆசையாக வளர்ப்பவர்கள் உண்டு. எல்லா வைத்தியமும் இரண்டுக்கும் வேலை செய்யாது. அதனால் முதலில் அடையாளம் தெரிய வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். "பாறையை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிடு, எல்லாம் செத்துவிடும்" என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நம் டேங்குகளில் ஐப்டேசியா ஒட்டியிருக்கும் அதே பாறையில் பெரும்பாலும் ஸோவாவும், அதன் நெருங்கிய உறவான பேலிதோவாவும் ஒட்டியிருக்கும். சில பேலிதோவாக்களில் பேலிடாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது. 1971-இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இது, இயற்கையில் தெரிந்த மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. சூடாக்கினால் அழியாது. ஆவியோடும் நீர்த்துளியோடும் காற்றில் ஏறி நுரையீரலுக்குப் போகும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் டேங்கிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பத்தினர் மட்டுமல்ல, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

வாயில் கசப்பான உலோகச் சுவை, இருமல், மூச்சுத்திணறல், குளிர்காய்ச்சல், கை கால் மரத்துப்போதல், கண் எரிச்சல் என்று ஆரம்பிக்கும். ஃப்ளூ வந்துவிட்டது என்று படுத்துக்கொள்வார்கள். இந்த நச்சை முறிக்கும் மருந்து கிடையாது, அறிகுறிகளுக்கு ஏற்ற சிகிச்சைதான். அதனால் டாக்டரிடம் போகும்போது "மீன் தொட்டியில் பேலிதோவா இருக்கிறது, பாறையைச் சூடாக்கினேன்" என்று நீங்களே சொல்ல வேண்டும். அவருக்குத் தானாகத் தோன்றுகிற விஷயம் இல்லை இது. கொதிக்கவைப்பது, மைக்ரோவேவ், வெந்நீரைப் பீய்ச்சுவது, காய்ந்த பாறையைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, எதுவும் வேண்டாம். டேங்குக்குள் கையை விடும்போதும் கையுறை போடுங்கள், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம். இதில் நான் சமரசம் செய்துகொள்வதே இல்லை.

சரி, பின் எப்படித்தான் ஒழிப்பது?

நாலைந்துதான் இருக்கிறது என்றால் பேஸ்ட் போதும். ஐப்டேசியா எக்ஸ் போன்ற தயாரிப்புகள் இருக்கின்றன. கால்க்வாசர் தூளை ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்தும் செய்யலாம். "வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா அண்ணா?" என்று கேட்பார்கள். வேதியியல்படி இரண்டும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் கடைச் சுண்ணாம்பில் நிறமோ வேறு கலப்போ என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்த டேங்கில் ஊற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. எல்லாப் பம்ப்பையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் அசையாமல் நின்றபின், மழுங்கிய முனையுள்ள சிரிஞ்சை மெதுவாகக் கொண்டுபோய் அதன் வாய்மேல் வையுங்கள். பயமுறுத்தினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பூசியது வீண். அது உணவென்று நினைத்து விழுங்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பம்ப்பைப் போடுங்கள். ஒரே நாளில் ஏகப்பட்ட இடத்தில் பூசினால் பிஹெச் எகிறும், சின்ன டேங்கில் மீன்கள் திணறும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

டேங்க் முழுக்கப் பரவிவிட்டால் சிரிஞ்ச் வைத்துச் சமாளிக்க முடியாது. தின்னும் உயிர் வேண்டும். எல்லோரும் முதலில் கேட்பது பெப்பர்மின்ட் இறால். சில இறால்கள் பிரமாதமாகத் தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. சின்ன ஐப்டேசியாவைத் தின்னும், பெரியதை விட்டுவிடும். கடையில் இன்னொரு சிக்கல், கேமல் இறாலைப் பெப்பர்மின்ட் என்று கொடுத்துவிடுவது. உடம்பில் சிவப்போடு பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், முதுகில் கூன் தெரிந்தால் அது கேமல். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் ஸோவாவைத் தின்னும். காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீனைப் பரிந்துரைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அந்த மீன் கடையிலேயே சாப்பிடாமல் மெலிந்து நிற்கும். ஒரு பூச்சியைக் கொல்ல ஒரு மீனைப் பட்டினி போட்டுச் சாகடிப்பது நியாயமாகப் படவில்லை. பிரிஸில்டெயில் ஃபைல்ஃபிஷ் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பவளத்தையும் கடித்துப் பார்க்கும்.

கிடைத்தால் நான் தேர்ந்தெடுப்பது பெர்கியா. ஓடில்லாத கடல் நத்தை வகை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, இரையின் கொட்டும் செல்களைத் தன் முதுகு நீட்சிகளில் சேர்த்து ஆயுதமாக வைத்துக்கொள்ளும். இரவில்தான் வேலை செய்யும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எந்த இரண்டு சேர்ந்தாலும் சுருள் சுருளாக முட்டையிடும். விளக்கு அணைந்தபின், ஐப்டேசியா பக்கத்திலேயே குழாய் வைத்து இறக்கிவிடுங்கள். சிக்ஸ்லைன் ராஸ் மீன் இருந்தால் பணம் தண்டம், தின்றுவிடும். இறாலையும் பெர்கியாவையும் ஒன்றாக விடவும் வேண்டாம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். மஜானோவை இது தொடாது, அதற்குப் பேஸ்ட்தான்.

இவ்வளவும் செய்துவிட்டு தினமும் ஃபுரோசன் ஆர்ட்டீமியாவை (உறைய வைத்த சின்ன இறால் உணவு) உருகிய தண்ணீரோடு சேர்த்துக் கொட்டினால் மறுபடி வரும். மீனுக்குப் போடுவதாக நினைத்து அனிமோனுக்குப் போடுகிறோம். வடிகட்டி அலசிப் போடுங்கள், மீன் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும். நைட்ரேட், பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிற டேங்கில்தான் ஐப்டேசியாவும் ஏறும்.

உள்ளே வரும் வழியும் ஒன்றிரண்டுதான். புது ஃபிராக் (வெட்டியெடுத்த பவளத் துண்டு) வந்தால் அது ஒட்டியிருக்கும் பிளக்கின் அடியையும் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் பவளத்தை மட்டும் எடுத்துப் புதுப் பிளக்கில் ஒட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுங்கள். பவளத்தின் பூச்சி போக்கும் டிப் கரைசலில் முக்கினால் ஐப்டேசியா செத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொரு வழி லைவ் ராக், அதாவது உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை. "ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நேரா வந்த கல், விலை கம்மி" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். அந்தக் கல்லோடு என்னென்ன ஒட்டி வரும் என்று யாருக்கும் தெரியாது. செயற்கை உலர் பாறையில் டேங்க் நிலைப்பட இன்னும் சில மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஆரம்பத்தில் பழுப்புப் பாசியும் படியும். அதைப் பார்த்துப் பயந்து நடுவில் வேறு கல்லைச் சேர்க்காமல் விட்டாலே போதும்.