தாளிலிருந்து தட்டுக்கு இறங்கிய நீலம்

பழைய ஆங்கிலேய நீல-வெள்ளைத் தட்டு ஒன்று கைக்கு வந்தால், தேர்ந்த சேகரிப்பாளர்கள் நடுவிலுள்ள காட்சியை விட்டுவிட்டு விளிம்புக் கரையைச் சுற்றி வருவார்கள். பூவேலை ஏதோ ஓரிடத்தில் பொருந்தாமல், பாதி இதழ் வேறொரு இலையின் மேல் முட்டி நிற்கும். படம் தூரிகையால் தீட்டப்பட்டதன்று, தாளிலிருந்து ஒட்டப்பட்டது என்பதற்கு அந்த ஒட்டே சாட்சி.

ஸ்டாஃபர்ட்ஷயரின் ஸ்டோக் நகரில் பாண்டத் தயாரிப்பாளர் ஜோசையா ஸ்போட் 1780களில் செம்மைப்படுத்திய முறை இது. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடையும் எண்ணெயையும் குழைத்த மையைச் சூடான தகட்டில் தேய்த்து, பள்ளங்களில் தங்கியது போக மீதியை வழித்தெடுப்பார்கள். பள்ளம் ஆழமானால் மை மிகுதியாகத் தங்கும். நீலமும் அடர்ந்து விழும். சோப்பு நீரில் நனைத்த மெல்லிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளுக்கு மாறும். ஒருமுறை சுட்ட, மெருகு எனும் கண்ணாடிப் பூச்சு இடாத தட்டு மையை உறிஞ்சக்கூடியது. ஆகவே தாளை அதில் ஒட்டி விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்த்தபின் தண்ணீரில் கழுவினால், தாள் போய்விடும், எண்ணெய் மை நின்றுவிடும். தாள் மடிந்திருந்தால் அவ்விடத்தில் வெள்ளைக் கீற்று விழும். என் பார்வையில் இது குறையன்று, வேலை செய்த கையின் தடம்.

எண்ணெய் இருக்கும்வரை நீரில் கரைத்த மெருகு படியாது என்பதால், தட்டை மிதமாகச் சுட்டு எண்ணெயை எரித்துவிட்டே மெருகில் தோய்த்தார்கள். இறுதிச் சூளையின் கடும் வெப்பத்திலும் நிறம் மாறாமல் நின்ற மிகச் சில பொருள்களில் கோபால்ட் ஒன்று. அக்காலத்து அச்சுப் பாண்டங்களில் நீலமே ஓங்கி நின்றதற்கு இது முக்கியக் காரணம். மெருகுக்கு அடியில் உறைந்த படம் கரண்டி உரசலுக்கும் தேயாது.

காலத்தைக் கணிக்க உருப்பெருக்கி உதவும். தொடக்ககாலத் தகடுகளில் கோடுகளே மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்புள்ளிகள் பெருகி, மேகத்துக்கும் நீருக்கும் மென்மையான நிழல் கிடைத்தது. அடியிலுள்ள சாய்சதுர முத்திரை, வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானதைச் சொல்கிறது. 'இங்கிலாந்து' என்ற நாட்டுப்பெயர், தயாரித்த நாட்டைப் பொறிக்கக் கட்டாயப்படுத்திய அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தால் 1891 முதல் பரவலானது. ஆயினும் அமெரிக்கா செல்லாத சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தட்டு அதற்கு முந்தியது என முடிவுகட்ட இயலாது.