ஒளி கட்டும் வேடம்

கோடை வந்தால் வேலூரைச் சுற்றிய ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். ஒரு ராத்திரி அர்ஜுனன் வேடம் கட்டியவரே அடுத்த ராத்திரி கிருஷ்ணனாக வந்து நிற்பார். ஆள் அதே ஆள். கிரீடமும் புஜக்கட்டையும் பாட்டும்தான் வேறு. நிரலுக்கு ஏற்ப மாறும் ஒளிச்சில்லுகள் (மின்சாரத்துக்குப் பதில் ஒளி ஓடும் சிப்கள்) செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். அங்கே வேடம் கட்டுவது ஒளி.

எதற்கு வேடம்? இரண்டே நிலை கொண்ட 50 குவாண்டம் துகள்களின் கூட்டு நிலையைச் சாதாரணக் கணினியில் முழுதாக எழுதிவைக்க ஆயிரம் லட்சம் கோடிக்கு மேல் எண்கள் வேண்டும். கணக்குப் போட்டு மாள்வதற்குப் பதில், இன்னொரு குவாண்டம் பொருளையே அதுபோல நடக்க விடலாமே என்ற யோசனையை 1981-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் முன்வைத்தார்.

சரி, ஒளியை எப்படி ஆட்டுவிப்பது? சிலிக்கான் சில்லில் சுமார் அரை மைக்ரான் அகலத்தில் ஒளி ஓடும் வாய்க்கால்கள் இருக்கும். இரண்டு வாய்க்கால்கள் நெருங்கும் இடத்தில் ஒளி ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசியும். அப்படி இரண்டு நெருக்கங்கள். நடுவே ஒரு வாய்க்கால்மேல் குட்டி ஹீட்டர். சூடேறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் மாறி, அந்தப் பக்கத்து அலை கொஞ்சம் பிந்தும். திரும்பச் சேரும்போது முகடோடு முகடு சேர்ந்தால் வலுக்கும், அகடோடு சேர்ந்தால் அழியும். எந்த வாயில் எவ்வளவு ஒளி என்பது ஹீட்டருக்குத் தரும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது.

காட்பாடி ஜங்ஷனில் பாயின்ட் மாற்றுவது போலத்தானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ரயில் சென்னைத் தடத்தில் போகும், இல்லை திருப்பதித் தடத்தில் போகும். ஒளியின் ஒற்றைத் துகளான போட்டானோ இரண்டு தடத்திலும் போய்த் தன்னோடு தானே வந்து சேர்கிறது.

இரண்டு போட்டான்கள் வந்தால் இன்னும் வேடிக்கை. ஒளியைச் சரிபாதியாகப் பிரிக்கும் சந்திப்பில், அச்சு அசலாக ஒரே மாதிரியான இரண்டு போட்டான்களைப் பக்கத்துக்கு ஒன்றாக அனுப்பினால், இரண்டும் சேர்ந்தே ஒரு வாயில் வெளியேறும். ஆளுக்கொரு வாய் என்பது கிடையாது. இரண்டும் தடம் மாறுவது, இரண்டும் மாறாமல் போவது என்ற இரு வாய்ப்புகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஹாங், ஊ, மாண்டல் மூவரும் 1987-இல் காட்டியது இது. போட்டான்களும் தடங்களும் பெருகும்போது சாதாரணக் கணினி திணறுவது இந்த இடத்தில்தான்.

2015-இல் வந்த ஒரு சில்லில் 6 தடங்கள், 15 சந்திகள், 30 ஹீட்டர்கள். அந்த 6 தடங்களில் ஒளியை எந்த விதமாகவும் கலக்க அதுவே போதும்.

எல்லா வேடமும் பொருந்திவிடாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். போட்டான்கள் கண்டுகொள்ளவே மாட்டா. மூலக்கூறுகளின் அதிர்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதிர்வின் குவாண்டங்களும், அதாவது அதிர்வு ஆற்றலின் சிறு பொட்டலங்களும், போட்டான்களைப் போல போசான்கள்தான், ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் கூடும் வகை. சிற்றதிர்வில் ஒன்றோடொன்று மோதுவதும் இல்லை. ஓர் அதிர்வுக்கு ஒரு தடம் என்று ஒதுக்கி, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் பல மூலக்கூறுகளைச் சில்லில் ஆடவைத்தார்கள். அடுத்த மூலக்கூறு வேண்டுமென்றால் சில்லை மாற்றத் தேவையில்லை. ஹீட்டர்களின் அளவுகளை மாற்றினால் போதும்.