ரெசிஸ்டன்ஸ்: எதிர்ப்பா, மசியாமையா?

புழு மருந்து பத்தி படிக்கும்போது ரெசிஸ்டன்ஸ்னு ஒரு சொல் வரும், தமிழ்ல அதை 'மருந்து எதிர்ப்பு'ன்னு எழுதுறோம். தப்புன்னு சொல்லல. ஆனா 'நோய் எதிர்ப்பு சக்தி' காதுல ஊறிப்போனதால, மாத்திரை போடுற நம்ம உடம்புலதான் ஏதோ எதிர்ப்பு வந்துடுச்சுன்னு நிறைய பேர் எடுத்துக்கிறாங்க. மாறுறது நம்ம உடம்பு இல்லைங்க, புழு.

லத்தீன்ல 'ரெசிஸ்தெரே'ங்கிறதுதான் மூலம், அதுக்குள்ள இருக்கிற 'சிஸ்தெரே'க்கு நிறுத்துறது, நிக்கிறதுன்னு அர்த்தம். அதாவது அசைஞ்சு கொடுக்காம நிக்கிறது. நம்ம 'எதிர்'ல முன்னாடி வந்து மோதுற வாடை கூடவே இருக்கு.

புழு நிஜமாவே மோதுதான்னு பார்க்க சிஸ்டோசோமா மான்சோனியை எடுத்துக்கலாம். குடலைச் சுத்தின ரத்தக்குழாய்ல வாழுற தட்டைப்புழு. பேருக்கே 'பிளந்த உடல்'னுதான் அர்த்தம், ஆண் புழுவோட உடம்பு நீளவாக்குல மடிஞ்சு வாய்க்கால் மாதிரி இருக்கும், பெண் புழு அதுக்குள்ள படுத்துக்கிடக்கும். இதுக்கு பிரேசில்ல ஒரு காலத்துல ஆக்ஸாம்னிக்வின்னு ஒரு மருந்தை நிறைய கொடுத்தாங்க. அந்த மருந்து உள்ள போனதும் அப்படியே கொல்லாது, புழுவோட சொந்த நொதி ஒண்ணு, சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் வகை, அதை மாத்தி விஷமாக்கணும், அப்புறம்தான் அது புழுவோட டிஎன்ஏல போய் ஒட்டும். அந்த நொதிக்கான ஜீன் எதுன்னு 2013ல கண்டுபிடிச்சாங்க. மசியாத புழுக்கள்ல ஒரு வகையில 142ஆவது இடத்துல இருக்க வேண்டிய ஒரே ஒரு அமினோ அமிலம் (நொதி மாதிரி புரதங்களைக் கட்டுற சின்னத் துண்டு), குளூட்டமேட், காணோம், அவ்வளவுதான், நொதி வேலை செய்யல, மருந்து விஷமாகாமலே போயிடுது. அதுவும் தாய்கிட்ட வந்த பிரதி, தந்தைகிட்ட வந்த பிரதி ரெண்டும் கெட்டிருந்தாத்தான் தப்பிக்கும், ஒண்ணு நல்லா இருந்தாலும் புழு செத்துடும். ஒடுங்கு பண்புன்னு சொல்றோமே, அதுதான்.

இதுல புழு எதை எதிர்த்துச்சு? கையில இருந்த ஒரு கருவி பழுதாச்சு, பிழைச்சுக்கிச்சு. இப்ப பெரும்பாலும் கொடுக்கிற பிராசிகுவான்டெல் கதை வேற, அது புழுவோட ஒரு அயனி வாயிலை, அதாவது செல்லுக்குள்ள மின்னூட்டத் துகள்கள் போற கதவைத் திறந்து கால்சியத்தை உள்ள விட்டு தசையை இறுக்கிடும். அந்த வாயிலோட ஜீன் மாறினா மருந்துக்கு உணர்வு குறையுதுன்னு 2021ல காட்டினாங்க. இங்கயும் சண்டைன்னு ஒண்ணும் இல்ல.

அதனால நான் 'மருந்துக்கு மசியாமை'ன்னுதான் எழுதுறேன். 'இந்தப் புழு ஆக்ஸாம்னிக்வினுக்கு மசியாது'ன்னு சொன்னா யார் மசியல, எதுக்கு மசியலன்னு ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்துடுது. மருந்து எதிர்ப்புன்னே எழுதுறவங்க தாராளமா எழுதுங்க, கூட 'சக்தி'யை மட்டும் சேர்க்காதீங்க.