இரண்டு லட்சம் பில்ட் இருந்தும் எல்லாரும் ஏன் ஒன்றையே போடுகிறார்கள்?

கில்ட் வார்ஸ் 2 என்ற ஆன்லைன் கணினி ஆட்டத்தில் பழைய ஆள் ஒருவரைப் பிடித்து, "2015 ஜூன் பாட்ச் நல்லதா கெட்டதா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். திரும்பி வரும்போதும் அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். பத்து வருஷம் தாண்டியும் ஆறாத சண்டை அது. பாட்ச் என்றால் ஆட்டத்தில் செய்கிற திருத்தம்; ட்ரெயிட் என்றால் நம் பாத்திரத்துக்கு நாம் சேர்க்கிற சிறப்புக் குணம்; அப்படித் தேர்ந்தெடுத்த எல்லாம் சேர்ந்ததுதான் பில்ட். அந்த ட்ரெயிட் அமைப்பை மொத்தமாகப் பிரித்து மேய்ந்து புதிதாகக் கட்டிய பாட்ச் இது. ஒரு கோஷ்டி "எங்கள் சுதந்திரத்தைப் பறித்துவிட்டார்கள்" என்றது, இன்னொரு கோஷ்டி "இப்போதுதான் தலையும் வாலும் புரிகிறது" என்றது. இரண்டு பேருமே ரசனையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கணக்கைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது என் கட்சி. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அமைப்பு. 2012 ஆகஸ்டில் ஆட்டம் வெளிவந்தபோது வாரியர், நெக்ரோமான்சர், எலிமென்டலிஸ்ட் என்று எட்டு புரொஃபஷன்கள். மற்ற ஆட்டங்களில் க்ளாஸ் என்பார்களே, அதுதான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ட்ரெயிட் வரிசை. லெவல் 80 வந்தால் கையில் 70 புள்ளி, ஒரு வரிசையில் அதிகபட்சம் 30 போடலாம். 5, 15, 25 தொட்டால் ஒரு சிறு ட்ரெயிட் தானாக வரும். 10, 20, 30 தொட்டால் ஒரு பெரிய ட்ரெயிட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். இது போக, போடுகிற ஒவ்வொரு புள்ளியும் பவர் (அடியின் பலம்), டஃப்னஸ் (அடி தாங்கும் பலம்) மாதிரி அடிப்படைத் திறன்களையும் கூட்டும். அதனால் அந்தக் காலத்தில் பில்ட் என்றாலே 30/30/10/0/0 என்று எழுதிக் காட்டுவார்கள், செல்போன் நம்பர் மாதிரி. 2014 ஏப்ரலில் இந்த 70 புள்ளி 14 ஆனது, 30 என்பது 6 ஆனது. அதே துணிதான், முழக்கோல் மட்டும் மாறியது. பிறகு 2015 ஜூன் 23இல் புள்ளி என்பதே போயிற்று. ஐந்து வரிசையில் மூன்றை எடு, எடுத்தது முழுதாக உனக்கு, ஒவ்வொரு வரிசையிலும் மூன்று படி, ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்று. அவ்வளவுதான்.

சுதந்திரம் பறிபோனதா? எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 14 புள்ளியை ஐந்து வரிசையில், எதிலும் ஆறுக்கு மேல் போகாமல், எத்தனை விதமாகப் பங்கு போடலாம்? உட்கார்ந்து எண்ணினால் 1,420 விதம் வருகிறது. ஐந்தில் மூன்றை எடுக்க? வெறும் 10. ஆனால் அந்தப் பத்துக்கு உள்ளே ஒரு வரிசைக்கு 3×3×3, அதாவது 27 தேர்வு; மூன்று வரிசைக்கு 19,683; பத்தால் பெருக்கினால் 1,96,830. பழைய அமைப்பிலும் உள்ளே தேர்வுகள் உண்டு, அதையும் பெருக்கினால் அந்த எண் இன்னும் ஊதிப்போகும், அது வேறு விஷயம். புலம்பியவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 14 என்பது 6+6+2, அதாவது கடைசிப் படியில் இருக்கும் பலமான ட்ரெயிட்களில் இரண்டுக்கு மேல் யாராலும் தொட முடியாது. புதிய அமைப்பில் மூன்று வரிசையும் முழுசு, பழைய கணக்கில் 18 புள்ளி. கையில் நாலு புள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டுத்தான் பையைத் தைத்திருக்கிறார்கள். செத்துப்போனது அந்த "2" தான்: ஒரு வரிசையில் கொஞ்சமாகப் போட்டு, முதல் படியில் இருக்கும் ஒரு நல்ல ட்ரெயிட்டை மட்டும் உருவிக்கொண்டு வருகிற வேலை. அது போனதில் எனக்கும் வருத்தம்தான், அந்தத் திருட்டு ருசியே தனி.

சரி, கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வழி இருக்கும்போது எந்தக் குழுவில் சேர்ந்தாலும் எல்லார் பில்டும் ஏன் ஒரே அச்சாக இருக்கிறது? சோம்பேறித்தனம், காப்பியடிப்பது என்றெல்லாம் சொல்வார்கள். காரணம் அதைவிட எளிமையானது. இந்த ஆட்டத்தில் அடி என்பது கூட்டல் கிடையாது, பெருக்கல். ஆயுதத்தின் பலம், உங்கள் பவர், ஸ்கில்லுக்கு உரிய ஒரு எண், மூன்றையும் பெருக்கி எதிரியின் ஆர்மரால் வகுக்க வேண்டும். அதன்மேல் கிரிட்டிகல் ஏறும், அதாவது அவ்வப்போது அதிர்ஷ்டத்தில் விழுகிற பெரிய அடி, சுருக்கமாக கிரிட். பிரிசிஷன் 1000 இருந்தால் கிரிட் வாய்ப்பு 5 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு 21 புள்ளிக்கும் ஒரு சதவீதம் கூடும். கிரிட் விழுந்தால் அடி 150 சதவீதம், ஃபெராசிட்டி 15 சேரச் சேர ஒவ்வொரு சதவீதமாக ஏறும்.

இதைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஓர் அடிக்கு 100 டேமேஜ், மொத்தம் நூறு அடி. கிரிட் வாய்ப்பு 5, கிரிட் அடி 150 என்றால்: 95 சாதா அடி, 5 கிரிட், மொத்தம் 10,250. இப்போது கிரிட் அடியை மட்டும் 200 ஆக்கினால் 10,500 வரும், 250தான் லாபம். அதை விட்டுவிட்டு வாய்ப்பை மட்டும் 60 சதவீதம் ஆக்கினால் 13,000, லாபம் 2,750. இரண்டையும் சேர்த்துச் செய்தால்? தனித்தனி லாபத்தைக் கூட்டினால் 3,000 வர வேண்டும். வருவதோ 16,000, லாபம் 5,750. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்று ஏறினால் மற்றதன் விலையும் ஏறுகிறது. கையில் இருக்கிற வேலிக் கயிறு இவ்வளவுதான் என்றால், ஓடை மாதிரி ஒல்லியாக நீளமாக வளைப்பவனைவிடச் சதுரமாக வளைப்பவனுக்கு நிலம் அதிகம் கிடைக்கும் இல்லையா, அதே சங்கதிதான். நீளமும் அகலமும் இங்கே பவரும் கிரிட்டும். இதில் கொஞ்சம் கயிறை வெட்டி "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று டஃப்னஸ் பக்கம் போட்டால், அந்தத் துண்டு மட்டும் போவதில்லை, மீதிக் கயிறு வளைக்கிற நிலமும் சுருங்குகிறது. அதனால்தான் பவர், பிரிசிஷன், ஃபெராசிட்டி மூன்றும் சேர்ந்த பெர்சர்க்கர் கியர் (கவசமும் ஆயுதமும்) எல்லார் உடம்பிலும் ஏறி உட்கார்ந்தது, "ஸெர்க் மெட்டா" என்று திட்டும் பெயரும் வாங்கியது. மெட்டா என்றால் எல்லாரும் போடுகிற பில்ட். அடி வாங்கினால் என்ன செய்வது என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தில் டாட்ஜ் உண்டு, சரியான நேரத்தில் உருண்டால் அடி பூஜ்யம். உருளத் தெரிந்தவனுக்கு ஆர்மர் எதற்கு?

பழைய அமைப்பின் உண்மையான கோளாறு இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். ட்ரெயிட்டும் திறன் புள்ளியும் ஒரே மூட்டை. உயிர்ப்புள்ளி கூட்டுகிற வரிசையில் ரசனையான ஒரு ட்ரெயிட் இருந்தால், அதை எடுக்கப் பவரைக் கைவிட வேண்டும், பெருக்கலில் ஓர் எண் சரியும். 2015 பாட்ச் திறன்களை வரிசைகளிலிருந்து கழற்றி, அடிப்படைக் கணக்கிலும் கியரிலும் சேர்த்துவிட்டது. ட்ரெயிட் இனி ட்ரெயிட்டாக மட்டும் நின்றது. சுதந்திரம் போனது என்று கத்தியவர்களுக்கு நிஜமான சுதந்திரம் ஒன்று இந்த வழியாகத்தான் வந்தது. அதை யாரும் வாழ்த்தவில்லை. இருந்ததில் ஒன்றைப் பிடுங்கினால் வலிக்கிற அளவுக்கு, அதே அளவு புதிதாகக் கிடைத்தால் மனது குளிர்வதில்லை. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதியதுதான்.

அதே பாட்சில் இன்னொன்றும் மாறியது, எனக்கு அது இதைவிட சுவாரஸ்யம். நெக்ரோமான்சர் ரத்தம் கசியவைத்துக் கொல்கிற வகை. ப்ளீடிங் ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அடுக்காக ஏறும். தனியாக ஆடும்போது அருமையாக இருக்கும். பெரிய பாஸ் சண்டையில் ஐம்பது பேரோடு போய் நின்றால் ஒன்றும் நடக்காது. "நெக்ரோ வேஸ்ட், ட்ரெயிட்டை பஃப் பண்ணுங்கள்", அதாவது பலப்படுத்துங்கள், என்று வருஷக்கணக்கில் சண்டை. விஷயம் என்னவென்றால், ஓர் எதிரியின் மேல் மொத்தமே 25 ப்ளீடிங் அடுக்குதான் இருக்க முடியும். ஆளுக்கு 25 கிடையாது, அங்கே நிற்கிற எல்லாருக்கும் சேர்த்து 25. ஒரு பாத்திரத்தில் இரண்டு பேர் ஊற்றினாலே நிரம்பிவிடும், மூன்றாமவர் ஊற்றுவது வழிந்து ஓடும். தீயும் விஷமும் இன்னும் மோசம், அடுக்காகவே ஏறாது, எரிகிற நேரம் மட்டும்தான் நீளும். பாத்திரம் சின்னதாக இருக்கும்போது ட்ரெயிட்டில் எத்தனை சதவீதம் கூட்டி என்ன பயன்? 2015இல் அந்த உச்சவரம்பைத் தூக்கினார்கள், தீயும் விஷமும் அடுக்கடுக்காக ஏறத் தொடங்கின. உடனே கார்டியன் என்ற இன்னொரு க்ளாஸின் தீ தாங்க முடியவில்லை என்று அடுத்த புகார் கிளம்பியது, அதையும் சொல்லியாக வேண்டும். க்ளாஸ் பலவீனம் என்று நாம் சண்டை போடும்போது பல நேரம் பிரச்சினை அந்த க்ளாஸில் இருப்பதே இல்லை, அது நிற்கிற தரையில் இருக்கிறது.

அதே வருஷம் அக்டோபரில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது, எலீட் ஸ்பெஷலைசேஷன்கள், அதாவது ஒவ்வொரு புரொஃபஷனுக்கும் புதிய சிறப்பு வரிசைகள், வந்தன. நெக்ரோமான்சர் ரீப்பர் ஆகலாம், ரேஞ்சர் ட்ரூயிட் ஆகலாம், மெஸ்மர் க்ரோனோமான்சர் ஆகலாம். மூன்று வரிசையில் ஒன்று மட்டும் எலீட்டாக இருக்கலாம். நவம்பரில் பத்துப் பேர் சேர்ந்து ஆடும் ரெய்டு. சீக்கிரமே "க்ரோனோ இருக்கா? இல்லேன்னா கிளம்ப வேண்டாம்" என்ற நிலை வந்தது. அவன் பெரிதாக அடிப்பதில்லை. ஆனால் கூட இருப்பவர்களின் கையை வேகமாக்கும் க்விக்னஸும் ஸ்கில் சீக்கிரம் திரும்பிவரும் அலாக்ரிட்டியும் தருவான். பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஐந்து பேர் கொண்ட துணைக்குழு, அவனால் மற்ற நாலு பேரின் அடியும் 30 சதவீதம் கூடுகிறது. 4×0.3 என்றால் 1.2. தானாக ஒரு அடிகூட அடிக்காதவன், முழுசாக அடிக்கிற ஆள் ஒருவனைவிட அதிகம் சேர்த்துவிட்டான். அதைத் தர வேறு ஆள் இல்லாத வரைக்கும் அவனுக்கு மாற்று கிடையாது. இதற்கு இரண்டே மருந்து: எண்ணைக் குறைப்பது, அல்லது அதே வேலையை வேறு க்ளாஸ்களுக்கும் கொடுப்பது. அலாக்ரிட்டி படிப்படியாக இறங்கி 25 சதவீதத்தில் நின்றது, பின்னாளில் இரண்டு பூனையும் வேறு பல எலீட் ஸ்பெக்குகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பூன் என்றால் ஆட்டத்தில் கூட்டாளிக்குத் தருகிற நல்ல விளைவு, வீட்டுப் பூனை இல்லை. இரண்டாவது மருந்தில் எல்லா க்ளாஸும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்ற குறை வரும், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆளுக்கு ஆள் மோதும் பிவிபியில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடும். கலிஃபோர்னியாவில் விலாவில் கறுப்புப் புள்ளி கொண்ட ஒரு சின்னப் பல்லி உண்டு. ஆண்களில் மூன்று தொண்டை நிறம். ஆரஞ்சுத் தொண்டைக்காரன் முரடன், பெரிய இடத்தை வளைத்து நீலத்தை விரட்டுவான். நீலம் தன் ஜோடியைப் பக்கத்திலேயே இருந்து காவல் காக்கும், மஞ்சளை அண்டவிடாது. மஞ்சள் பெண் வேஷம் போட்டு, ஆரஞ்சின் பெரிய இடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையும். பேரி சினெர்வோவும் கர்ட் லைவ்லியும் 1996இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: இந்த மூன்றில் எதுவும் நிரந்தரமாக ஜெயிப்பதில்லை, எது பெருகுகிறதோ அதை அடிக்கிறவனுக்கு அடுத்த யோகம். பிவிபியில் நல்ல பில்ட் எது என்பது எதிரில் இருப்பவர்கள் எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதனால் அது சுழன்றுகொண்டே இருக்க வழி உண்டு. ரெய்டு பாஸ் அப்படி இல்லை. நீங்கள் என்ன போட்டாலும் அவன் தன் பில்டை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மாறாத கேள்விக்கு ஒரு விடைதான் மேலே மிதக்கும், வழி இரண்டு லட்சமானால் என்ன, இரண்டு கோடியானால் என்ன.

போன தடவை என் ட்ரெயிட் ஒன்றைத் தொட்டார்கள், 10 சதவீதம் கூடுதல் டேமேஜ் 7 ஆனது. நண்பர்கள் குழுவில் ஒரே ஒப்பாரி. 1.10 இருந்த இடத்தில் 1.07, வகுத்தால் இழப்பு 2.7 சதவீதம்தான். இருந்தாலும் மனசு கேட்காமல் பயிற்சித் திடலுக்குப் போய் கோலெமை அடித்துப் பார்த்தேன். வாசலில் போடுகிற கோலம் இல்லை, அசையாமல் நிற்கிற பொம்மை. ஒரே பில்ட், ஒரே ஸ்கில் வரிசை, பத்து தடவை. எனக்கும் எனக்குமே இருந்த வித்தியாசம் அந்த 2.7ஐவிடப் பெரிதாக இருந்தது. ஏழாவது தடவை ஐந்தாம் ஸ்கில்லை நாலுக்கு முன்னால் அழுத்தியிருக்கிறேன்.