ஆசை முதலா, மார்க் முதலா?

“பத்தாவது படிக்கும் மகளிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் ‘தெரியலம்மா’ என்கிறாள். ஆசை இல்லாததால்தான் மார்க் குறைகிறதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பெரிய ஆசை உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது பழைய செய்தி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி முடித்த 10,317 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் நண்பர்களும் தரும் ஊக்கம் ஆசையை வளர்க்கிறது, அந்த ஆசை மேற்படிப்புக்கு இழுத்துப்போகிறது என்று அதில் தெரிந்தது. சரி, ஆனால் மார்க் வந்தாலும் ஆசை வருமே! கணக்கில் தொண்ணூறு வாங்கியவளுக்குத்தான் இன்ஜினியர் ஆகலாம் என்றே தோன்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், பள்ளிக்கூடத்தையும் வீட்டு வருமானத்தையும் தொடாமல் ஆசையை மட்டும் தொடுகிற ஏதோ ஒன்று, சில ஊர்களில் மட்டும், யாருடைய விருப்பமும் இல்லாமல் நடந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே அது நடந்தது. மேற்கு வங்கத்தில் 1998 தேர்தல் முதல் கிராம ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊராட்சி என்பதை எந்தக் கட்சியும் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசை எண் போட்ட பட்டியலில் மூன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். வசதியான ஊர், பின்தங்கிய ஊர் என்ற பேதமே கிடையாது. இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். எந்த விஞ்ஞானியும் கேட்டு வாங்க முடியாத ஒரு சோதனையை, அரசாங்கப் பட்டியலின் வரிசை எண்கள் தாமாகவே அமைத்துக் கொடுத்துவிட்டன.

எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, லோரி பீமன், பெட்டியா டோபலோவா ஆகிய பொருளாதார அறிஞர்கள் நால்வரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிர்பூம் மாவட்டத்தின் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். எதுவரை படிக்க ஆசை? எந்த வயதில் கல்யாணம்? 25 வயதில் என்ன வேலை? ஊராட்சித் தலைவராக விருப்பமா? வேலை பற்றிய கேள்விக்குப் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை வந்த பதில்களில் ஒன்று, ‘புகுந்த வீட்டார் சொல்வதுபோல’.

2012இல் முடிவு வெளியானது. அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களிலும் பெண் தலைவர் கிடைத்த ஊர்களில், ஆசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி பிள்ளைகளிடம் 32 சதவீதம் சுருங்கியிருந்தது. பெற்றோரிடமும் சுருங்கியிருந்தது, கொஞ்சம் குறைவாக. படிப்பில் இருந்த இடைவெளியோ மறைந்தே போனது. பெண் பிள்ளைகள் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது. இளம்பெண்களுக்கு அந்த ஊர்களில் புதிய வேலைவாய்ப்பு வந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அப்படியென்றால், தெருவில் பார்க்கிற ஒரு பெண் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதைக் கண்டதே இதைச் செய்திருக்க வேண்டும். ஒரு தேர்தல் மட்டும் போதவில்லை, இரண்டு தேவைப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது.

ஏன் தெருக்காரர்? பொருளாதார அறிஞர் தேப்ராஜ் ரே இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். தன்னைப்போல் இருப்பவர்கள் என்று யாரை நினைக்கிறோமோ, அவர்களைப் பார்த்துத்தான் நாம் ஆசைப்படுகிறோம். இப்போது இருக்கும் இடத்துக்கும் ஆசைக்கும் தூரம் மிகக் குறைவானால் முயற்சி தேவைப்படாது. மிக அதிகமானால் எட்டாக் கனி என்று விட்டுவிடுவோம். நடுத்தரமான தூரம்தான் பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறது.

ஆசையும் படிப்பும் ஒரே பாதையில் இருப்பதாகப் பிள்ளைக்குத் தெரியவும் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பள்ளி ஒன்றில் உளவியல் ஆய்வாளர்கள் டாப்னா ஓய்சர்மனும் மெஸ்மின் டெஸ்டினும் ஒரு குழுவுக்குப் படிப்பு கூடக் கூட வருமானம் கூடும் வரைபடத்தைக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், பாடகர்கள் வாங்கும் சம்பளம். கூடுதல் மதிப்பெண்ணுக்கான வீட்டுப்பாடத்தை, செய்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், செய்து முடிக்கும் வாய்ப்பு முதல் குழுவுக்கு எட்டு மடங்கு அதிகமாக இருந்தது.

அதனால்தான் பொதுத்தேர்வுக்கு முன் பேச்சாளரை வரவழைத்து ‘பெரிதாக நினை’ என்று முழங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேனாவைக் கோயிலில் வைத்து எடுத்துவருவதிலும் அப்படியே. மனசு அமைதியாகலாம், ஆனால் அடுத்து எந்தப் படிப்பு, எந்த விண்ணப்பம், யாரைக் கேட்பது என்பதை அந்தப் பேனா சொல்லாது. ஆசையை மட்டும் உயர்த்தினால் மார்க் உயரும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று பிரிட்டனில் 2012இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வும் சொன்னது.

அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்வேன். ‘தெரியலம்மா’ என்பதை ஆசை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பார்த்த வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொந்தத்திலோ தெருவிலோ நர்ஸாகவோ, சர்வேயராகவோ, லேப் டெக்னீஷியனாகவோ இருக்கும் ஒரு அக்காவிடம் அரை நாள் அனுப்புங்கள். என்ன படித்தாள், எந்தப் பாடத்தில் தடுமாறினாள் என்று அவளே கேட்டு வரட்டும். அப்புறம் இன்னொரு அக்காவிடமும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்களும் அரசிடம் இருக்கின்றன. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம், சில ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை போதும். அந்தப் பணத்தை நம் பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும்.