ஒற்றைக் கண்ணில் புரையோடு பிறக்கும் குழந்தை

தாத்தாவுக்குக் கண்புரை என்றால், அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறோம். எப்போது எடுத்தாலும் அநேகமாகப் பார்வை திரும்பிவிடும். பிறவியிலேயே புரையோடு வந்த பச்சிளங்குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. அதன் மூளை இனிமேல்தான் பார்க்கவே பழக வேண்டும்.

விழித்திரையில் விழும் படத்தை மூளையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணி வாங்கிப் புரிந்துகொண்டால்தான் அது பார்வை. அங்குள்ள நரம்பிணைப்புகள் பிறக்கும்போது அரைகுறையாகவே இருக்கின்றன. தெளிவான படங்கள் வந்துசேரச் சேரத்தான் செம்மைப்படும். புரையால் கண்ணின் லென்ஸ் வெளுத்து, மங்கிய வெளிச்சம் மட்டுமே உள்ளே போனால் அந்த வேலை நடப்பதில்லை.

இரண்டு கண்ணிலும் புரை இருப்பதைவிட ஒன்றில் மட்டும் இருப்பது மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாதிக்கப்பட்ட அந்தக் கண்ணைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. 1960களில் ஹார்வர்டில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஓர் இமையைத் தைத்து மூடி, சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் பழுதில்லை, ஆனால் புறணியின் செல்களில் மிகச் சிலவே அந்தக் கண்ணுக்குப் பதில் தந்தன. மற்றவற்றையெல்லாம் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இமைகளையும் மூடிய குட்டிகளுக்கோ எதிர்பார்த்த அளவு சேதமில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் எந்த மாற்றமும் இல்லை. இரு கண்களும் மூளையில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன, அந்தப் போட்டி இளம்பருவத்தில்தான் நடக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் ஒற்றைக் கண்ணின் அடர்ந்த புரையை ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள்ளும், இரண்டிலும் இருந்தால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள்ளும் எடுத்துவிட மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள். இரு கண் புரையை விட்டுவைத்தால், மூன்றாம் மாதவாக்கில் கருவிழிகள் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்கிவிடும்.

டாஃப்னி மாரரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட முடிவு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. சிகிச்சை முடிந்து முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தபோது, ஒன்பது மாதக் குழந்தைக்குக்கூடப் பிறந்த சிசுவின் பார்வைக்கூர்மைதான் இருந்தது. ஒரே ஒரு மணி நேரம் பார்த்த பிறகு, அது அளக்கக்கூடிய அளவுக்குக் கூடிவிட்டது! மூளை அவ்வளவு ஆவலோடு காத்திருந்திருக்கிறது.

புரையை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. புரையோடு கண்ணின் லென்ஸும் போய்விட்டதால், மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறார்கள். கைகால் உதறாதபடி குழந்தையைத் துணியில் சுற்றி, இமையை விரலால் விரித்து, அழுகைக்கு நடுவே அதைப் பொருத்துவது பெற்றோரின் அன்றாட வேலை. ஒற்றைக் கண் புரை என்றால், நல்ல கண்ணை ஒட்டுப்பட்டையால் மூடவும் வேண்டும். இரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம், மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று மணி நேரம் என எட்டு மாதம் வரை கூட்டிக்கொண்டே போவது ஒரு முறை. பிறகும் பல ஆண்டுகள் தொடரும். நன்றாகத் தெரியும் கண்ணை மூடினால் எந்தக் குழந்தையும் பிய்த்தெறியத்தான் பார்க்கும். ஆனால் போட்டியில் பின்தங்கிய கண்ணுக்கு மூளையில் இடம் கிடைக்க வேறு எளிய வழி இல்லை.

ஒற்றைக் கண் புரையை வீட்டில் கண்டுபிடிப்பதும் கடினம். குழந்தை மறு கண்ணால் பார்த்துச் சிரிக்கும், கிலுகிலுப்பையைத் தொடரும். யாருக்கும் சந்தேகம் வராது. மருத்துவர் கருவியின் ஒளியைக் கண்பாவைக்குள் பாய்ச்சினால் நலமான கண் செந்நிறமாக ஒளிரும், புரையுள்ள கண்ணில் கருநிழலோ வெண்மையோ தெரியும். சில நொடிகளில் முடியும் சோதனை இது. பிரசவ வார்டிலிருந்து புறப்படுமுன், இரண்டு கண்ணிலும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.